பட்டம்மாள் உட்கார்ந்திருந்த புடவை

ஷாசியா தறியில் உட்கார்ந்துவிட்டால் தெருவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். கடலூர் முதுநகரில் ரயிலடிக்குப் போகும் வழியில் இருந்த அந்த ஓட்டு வீட்டின் முன்னறை முழுவதையும் தறியே அடைத்துக்கொண்டிருந்தது. நான்கு கனத்த மரக்கால்கள், காலால் மிதிக்க இரண்டு பலகைகள், எதிரில் நீளவாக்கில் இறுக்கி இழுத்துக் கட்டிய வெள்ளைப் பாவு நூல். நெய்ததை நெருக்கும் அச்சை இழுத்து அவள் ஓங்கி அடிக்கும்போது சுவரில் மாட்டிய காலண்டர் ஒருமுறை ஆடி நிற்கும்.

பழைய துணிகளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, அந்தப் பட்டையையே குறுக்கே ஊடையாகக் கொடுத்துக் கால்மிதியும் விரிப்பும் நெய்வது அவள் தொழில். கணவன் அஷ்பாக் கத்தாரில் இருந்தான். அவன் அனுப்பும் பணத்தில் குடும்பம் ஓடும் என்றாலும், காலையில் பஜ்ரு தொழுதுவிட்டுத் தறியில் உட்காராவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்ததாகவே இருக்காது. அவள் நெய்த விரிப்பைச் சுவரில் சாய்த்து வைத்தால் வளையாமல் நிற்கும். அந்தக் கெட்டிக்காகவே புதுச்சேரியிலிருந்தும் கடைக்காரர்கள் வந்தார்கள்.

துணி கிழித்துக் கொடுக்க அவளோடு கொளஞ்சி இருந்தாள். ஐம்பது வயது. வாய் ஓயாது, கையும் ஓயாது. இருவருக்கும் வருடத்தில் பெரிய வேலை போகிக்கு முதல் நாள்தான். மறுநாள் விடியலில் எரிப்பதற்காக வீட்டுக்கு வீடு பழைய துணியை மூட்டை கட்டி வாசலில் வைத்திருப்பார்கள். இருவரும் தள்ளுவண்டியோடு போய், நெருப்புக்குக் கொடுப்பதை எங்களுக்குக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வருவார்கள். மூட்டை கொடுத்த வீட்டுக்குப் பிறகு ஒரு கால்மிதி போய்ச் சேரும். அதற்கு ஷாசியா காசு வாங்கியதில்லை.

இந்த வருடம் போகி முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பக்கத்துத் தெரு கதிர்வேல் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தான். மீன்பிடித் துறைமுகத்துக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறவன். சட்டையெல்லாம் ஈரமாக இருந்தது. அது ஐஸ் தண்ணீரா வேர்வையா என்று சொல்ல முடியவில்லை.

"அக்கா, போகிக்கு நான் குடுத்த மூட்டையில மஞ்சப் புடவ ஒண்ணு இருந்துச்சா?"

ஷாசியாவின் கால் மிதிபலகையில் அப்படியே நின்றது. இருந்தது என்று அவளுக்கு உடனே நினைவு வந்தது. மாம்பழ மஞ்சளில் கட்டம் போட்ட, அரக்குக் கரை வைத்த நூல் புடவை. கைக்கு வெண்ணெய் போல இருந்ததால் கொளஞ்சியிடம் தொட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாள்.

கதிர்வேல் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சொன்னது இதுதான். அவன் மனைவி அனுப்பிரியாவுக்கு நிறைமாதம். தாய் வீட்டுக்குப் போய்ப் பிள்ளை பெற அவளுக்குத் தாய் இல்லை. இரண்டு வருடம் முன்பு தவறிப்போனாள். அனுப்பிரியா பிறந்தபோது அவளை உத்தரத்தில் ஏணை கட்டித் தூங்க வைத்தது அந்த மஞ்சள் புடவையில்தான். அம்மா அதைப் பிறகு கட்டவே இல்லை, மகளின் பிள்ளைக்கு ஏணை கட்ட வேண்டும் என்று மடித்து வைத்திருந்தாள். அவள் போன பிறகு அது அனுப்பிரியாவிடம் வந்து, ஒரு துணிப்பையில் பீரோவின் மேல் இருந்தது. போகிக்குப் பரணும் பீரோவும் சுத்தம் செய்யும் வேலையை வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு வைக்கக்கூடாது என்று நினைத்துக் கதிர்வேலே எல்லாவற்றையும் இறக்கினான். பையைப் பிரித்துப் பார்த்தான். பழைய புடவை. மூட்டையில் சேர்த்துவிட்டான்.

இன்று காலை அனுப்பிரியா அந்தப் பையை இறக்கச் சொன்னாளாம். துவைத்து வெயிலில் போட்டு வைக்க வேண்டும், பிள்ளை எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவன் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு ஓடி வந்திருக்கிறான்.

"அதே மாரி ஒண்ணு கடையில வாங்கிடறேன். நாலு தடவ தோச்சா பழசாயிடும். நீங்க மட்டும் சொல்லாம இருந்தா போதும்" என்றான்.

கொளஞ்சி கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "ஏன் மாப்ள, பொண்டாட்டிக்கு அவ அம்மா புடவ வாசன தெரியாதுன்னு நெனச்சியா? முந்தானைய மூஞ்சிக்கிட்ட கொண்டு போன ஒடனே உன் கத முடிஞ்சிரும்."

கதிர்வேல் முகத்தை மூடிக்கொண்டான். ஷாசியா எழுந்து வந்து அவன் முன்னால் நின்றாள்.

"எரியல தம்பி. கிழிச்சோம், நெய்ஞ்சோம். எரியல. அது எங்க இருக்குதுன்னு எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரிந்திருந்தது. சிதம்பரத்தில் கீழச் சன்னதித் தெருவில் பூக் கட்டி விற்கும் பட்டம்மாள் என்ற பெண், கல்தரையில் உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போகிறது என்று சொல்லி, கெட்டியாக ஒரு விரிப்புக் கேட்டிருந்தாள். நிறம் மட்டும் மஞ்சளாக இருக்கவேண்டும் என்றாள். அதற்காகத்தான் அந்தப் புடவையை வேறு எதிலும் கலக்காமல் எடுத்து வைத்து, நடுவில் முழுக்க அதையே கொடுத்து, இரண்டு ஓரத்திலும் பச்சை லுங்கிப் பட்டை வைத்து ஷாசியா நெய்தாள். பத்து நாளைக்கு முன்பு அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அனுப்பிரியாவை விட்டு நகராதே என்று கதிர்வேலை அனுப்பிவிட்டு, இரண்டு பெண்களும் அடுத்த சிதம்பரம் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் கொளஞ்சிக்கு யோசனை வந்தது. விரிப்பு கிடைத்தாலும் என்ன செய்வது, கால்மிதியை உத்தரத்தில் மாட்டிப் பிள்ளையை அதன்மேல் வைப்பதா என்று கேட்டாள். ஷாசியா காலையிலிருந்து மனதுக்குள் அதைத்தான் பிரித்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர்கள் பட்டையைத் தைத்து இணைப்பதில்லை. ஒவ்வொரு பட்டையின் நுனியிலும் சிறு கீறல் போட்டு, ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து இழுப்பார்கள். ஊசி இல்லை, பசை இல்லை. பாவு நூலை அறுத்துவிட்டால் பட்டை முழுசாகத் திரும்பி வரும். திரும்பி வந்தால் மறுபடியும் நெய்யலாம். கால்மிதியாக நெய்த கைக்கு ஏணையாக நெய்ய வராதா.

"எப்பவாச்சும் ஏணத் துணி நெய்ஞ்சிருக்கியா?" என்று கொளஞ்சி கேட்டாள்.

"இல்ல."

"நல்லதாப் போச்சு. தப்புன்னு சொல்ல யாரும் இல்ல."

இருவரும் சிரித்துவிட்டார்கள். சிரித்த பிறகு ஷாசியா ஜன்னல் பக்கம் திரும்பி, உதடு அசையாமல் துஆ கேட்டாள்.

கீழச் சன்னதியில் பட்டம்மாளின் இடம் காலியாக இருந்தது. கல்லில் இரண்டு வாழைநார்த் துண்டு மட்டும் கிடந்தது. ஷாசியா பக்கத்துக் கடையில் விசாரித்தாள். அங்கே வளையல் விற்கிறவர், வெள்ளிக்கிழமை ஆனால் பட்டம்மாள் தில்லைக்காளி கோயில் வாசலுக்குப் போய்விடுவாள், அங்கேதான் பூ அதிகம் போகும் என்று சொன்னார். போகிற ஆட்டோ ஒன்றைக் கை தட்டி நிறுத்தி, அவர்களை ஏற்றியும் விட்டார். அவர்கள் யார் எதற்கு வந்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை.

காளி கோயில் வாசலில் பூக்காரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஷாசியா முகங்களைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். மூன்றாவது கூடைக்குப் பின்னால் மஞ்சள் தெரிந்தது. அதன் மேல் சம்மணமிட்டுப் பட்டம்மாள் அரளி தொடுத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு முதலில் சந்தோஷம். விரிப்பைப் புகழ ஆரம்பித்தாள். இடுப்பு வலி பாதி போய்விட்டது, இந்த வரிசையில் எல்லோரும் எங்கே வாங்கினாய் என்று கேட்கிறார்கள் என்றாள். ஷாசியா தயங்கித் தயங்கி, அதைத் திருப்பித் தரமுடியுமா, இதைவிட நல்லதாக வேறு ஒன்று நெய்து தருகிறேன் என்று கேட்டதும் பட்டம்மாளின் கை நின்றது.

"என்னாடியம்மா இது. வேற எவளாவது ஜாஸ்தி வெல சொன்னாளா? குடுத்தத வந்து கேக்கற. நான் எந்திரிக்க மாட்டேன். முடிஞ்சா என்னையும் சேத்துச் சுருட்டிக்கிட்டுப் போ."

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கொளஞ்சி முன்னால் வந்து குந்தி உட்கார்ந்து, அவளுக்கே உரிய வேகத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். போகி, பீரோ, கதிர்வேலின் முகம், நிறைமாதக்காரி, இல்லாத தாய். பட்டம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். கொளஞ்சி முடிப்பதற்கு முன்பே மடியிலிருந்த பூவைக் கூடையில் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"ஏணப் புடவயிலயா இத்தினி நாளா நான் ஒக்காந்திருந்தேன்?"

தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். விரிப்பை எடுத்து உதறினாள், கோயில் சுவரோரம் கொண்டுபோய் இரண்டு தட்டுத் தட்டினாள், அழகாகச் சுருட்டினாள். நார் தேடி எடுத்துக் கட்டினாள். பிறகு கூடையிலிருந்து ஒரு முழம் மல்லிகையை எடுத்து அந்தக் கட்டின் மேல் சுற்றி ஷாசியாவின் கையில் கொடுத்தாள். இடுப்பு வலிக்கு என்ன செய்வாய் என்று ஷாசியா கேட்டதற்கு, பிறந்ததிலிருந்து கல்லில்தானே உட்கார்ந்தேன், இன்னும் பத்து நாள் உட்கார்ந்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகிவிடாது என்றாள். பக்கத்துப் பூக்காரி தன் சாக்கை இரண்டாகக் கிழித்து ஒரு பாதியை அவளுக்காக விரித்தாள்.

அந்த நேரத்தில்தான் ஷாசியாவின் போன் அடித்தது. கதிர்வேல். வலி எடுத்துவிட்டது, பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றான். குரல் உடைந்தது.

கடலூர் பஸ்ஸில் கூட்டம். எப்படியோ கடைசிக்கு முன் வரிசையில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. வெள்ளாற்றுப் பாலம் வரும்வரை ஷாசியா விரிப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தாள். பாலத்தைத் தாண்டியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. யாரிடமாவது கத்தரிக்கோல் இருக்குமா என்று கேட்டாள். முன் சீட்டில் இருந்த ஒரு கல்லூரிப் பெண் பையைத் துழாவி நகம் வெட்டும் சிறு கத்தரிக்கோலை எடுத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்டாள். கொளஞ்சி சொன்னாள். கொளஞ்சி சொன்னால் ஒருவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொல்லத் தெரியாது.

பி.முட்லூர் வருவதற்குள் பாதி பஸ்ஸுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. ஷாசியா ஓரத்து முடிச்சுகளை அறுத்து, பாவு நூலை ஒவ்வொன்றாக உருவினாள். நெய்யும்போது ஓங்கி அடித்த அடி இப்போது அவளுக்கே எதிராக நின்றது. பட்டைகள் ஒன்றோடொன்று இறுகிக் கிடந்தன. கல்லூரிப் பெண் திரும்பி மண்டியிட்டு ஒரு பக்கம் பிடித்தாள். நின்றுகொண்டிருந்த ஒரு பெரியவர் தன் பையைக் கீழே வைத்துவிட்டு, மீன் வலை பிரித்துப் பழகிய கை இது என்று சொல்லி வாங்கிக்கொண்டார். முதலில் பச்சை லுங்கிப் பட்டை வந்தது. அதன் பின்னால் மஞ்சள் வந்தது. கசங்கி, சுருண்டு, நார் மணமும் பூ மணமுமாக, ஆனால் எங்கும் அறுபடாமல் வந்தது. வர வர ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்குப் போய், நாலைந்து பேர் உருண்டையாகச் சுற்றினார்கள். யாரோ ஒரு குழந்தை உருண்டையைப் பந்து என்று நினைத்து, வேண்டும் என்று அழுதது.

கண்டக்டர் வந்து பார்த்தார். "டிக்கெட்டு ரெண்டு. பஸ்ஸு பூரா நெசவா? டிப்போவுல கேட்டா நான் என்ன சொல்லட்டும்" என்றார். சொல்லிவிட்டுத் தானும் தோல்பையைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஒரு நுனியைப் பிடித்தார்.

புதுச்சத்திரம் தாண்டும்போது போன் மறுபடியும் அடித்தது. கதிர்வேல் எண். பேசியது அனுப்பிரியா.

"அக்கா, எங்க இருக்கீங்க? ஒரே சத்தமா கெடக்கு."

"பஸ்ல வந்துக்கிட்டு இருக்கேன்மா. வலி எப்படி இருக்கு?"

"விட்டு விட்டு வருது. அக்கா, இவரு காலையிலேருந்து ஏதோ ஒளறிக்கிட்டே இருக்காரு. பீரோ மேல அம்மா புடவ இருக்கு. நீங்க எடுத்து தோச்சு வெச்சிருங்க. இவரு கையில மட்டும் குடுக்காதீங்க. எதையாவது பண்ணி வெப்பாரு."

ஷாசியா மடியில் கிடந்த மஞ்சள் குவியலைப் பார்த்தாள்.

"புடவ எங்கிட்டதான் இருக்குது அனு. இப்ப என் மடியிலதான் இருக்கு. நீ நல்லபடியா பெத்துக்கிட்டு வா. மீதிய வந்து பேசிக்கலாம்."

போனை வைத்த பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சொன்ன ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஆனாலும் முழு உண்மை இல்லை என்பது அவளுக்குத் தெரியும். மீதியை அனுப்பிரியாவிடம் தானே, தன் வாயால்தான் சொல்லவேண்டும், கதிர்வேலைச் சொல்லவிடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துகொண்டாள்.

முதுநகரில் இறங்கும்போது கண்டக்டர் படியில் நின்று, பிள்ளை பிறந்தால் இந்த பஸ்ஸுக்கு இனிப்பு வரவேண்டும் என்றார். மாலையில் பாங்கு சொல்லி முடித்த சிறிது நேரத்தில் கதிர்வேலிடமிருந்து சேதி வந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். கொளஞ்சி தெருவில் இறங்கி வீட்டுக்கு வீடு போய்ச் சொன்னாள். சொல்லாத வீட்டிலும் கேட்டிருக்கும்.

மறுநாள் காலை வேலை தொடங்கியது. பட்டைகளைத் துவைத்து, நீவி, கொல்லையில் கொடி கொடியாகக் காயப் போட்டார்கள். தறியில் புதுச்சேரிக் கடைக்காக ஏற்றிய பாவு பாதி மிச்சம் இருந்தது. புதுப் பாவு ஏற்ற நேரம் இல்லை. ஷாசியா கடைக்காரருக்குப் போன் செய்து, சரக்கு ஒரு வாரம் பிந்தும் என்றாள். அவர் கோபமாகத்தான் ஆரம்பித்தார். காரணத்தைக் கேட்டதும், பாவு போதுமா அம்மா, நூல் ஏதும் அனுப்பட்டுமா என்று கேட்டார்.

பிஸ்மில்லா சொல்லி ஷாசியா மிதித்தாள். மஞ்சள் ஓடியது, அச்சு விழுந்தது, காலண்டர் ஆடியது. உற்சாகத்தில் ஒரு முழம் நெய்த பிறகுதான் கொளஞ்சி குனிந்து கன்னத்தை அதில் வைத்துப் பார்த்தாள். உடனே தலையைத் தூக்கிக்கொண்டாள்.

"இது புள்ளைக்கா, பஸ் ஸ்டாண்டு வாசலுக்கா?"

ஷாசியாவும் தொட்டுப் பார்த்தாள். பலகை. இத்தனை வருடமாகக் கெட்டியாக அடிக்க மட்டுமே பழகிய கை, தானாக அடித்திருந்தது. எல்லாவற்றையும் பிரித்தார்கள். இரண்டாவது தடவை அவள் ஒவ்வொரு ஊடைக்கும் கையைப் பிடித்துப் பிடித்து, அச்சைத் தள்ளாமல், பட்டையின் மேல் கொண்டுபோய்ச் சாய்த்தாள். ஓங்கி அடிப்பதைவிட மெதுவாக அடிப்பது எவ்வளவு கடினம் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. தோள்பட்டை வலித்தது. ஆனால் துணி மாறியது. பஞ்சு மெத்தை மாதிரி எழும்பி, அரக்குக் கரைப் பட்டை வரும் இடத்தில் மட்டும் சின்னச் சின்னக் கோடாக மின்னியது.

அடுத்த சிக்கல் முடிச்சு. இவ்வளவு தடித்த துணியை எப்படிச் சுருக்கி முடிச்சுப் போடுவது? இரண்டு பேரும் தறியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். கொளஞ்சி தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்து முகம் துடைத்தாள். அந்தத் துண்டு எவ்வளவு மெல்லியது என்று பார்த்தபோது ஷாசியாவுக்கு வழி பிடிபட்டது. நடுவில் பிள்ளை படுக்கும் இடம் மட்டும் பட்டையில் இருக்கட்டும். இரண்டு நுனியிலும் கைநீளத்துக்குப் பட்டையே இல்லாமல் வெறும் வெள்ளை நூலையே ஊடையாகக் கொடுத்துத் துண்டு போல மெல்லிசாக நெய்துவிடலாம். அங்கே முடிச்சு விழும். பாரத்தை எப்படியும் பாவு நூல்தான் தாங்கப்போகிறது. அது கால்மிதிக்கு என்று முறுக்கிய நூல், ஒரு பிள்ளை என்ன, நாலு பிள்ளைக்கும் தாங்கும். சொல்லி முடிக்கும் முன்பே அவள் தறியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். தெருவில் போகிற பெண்கள் ஒவ்வொருவராக ஜன்னலில் நின்று, எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

அனுப்பிரியா வீடு திரும்பிய அன்று ஷாசியா மட்டும் தனியாகப் போனாள். துணியைக் கொண்டுபோகவில்லை. சொல்லிவிட்டுத்தான் காட்டவேண்டும், காட்டிவிட்டுச் சொன்னால் அது சமாதானம் ஆகிவிடும் என்று நினைத்தாள். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, அம்மா புடவை மூட்டையில் வந்ததையும், தான் தடவிப் பார்த்தும் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் கிழித்ததையும், சிதம்பரம் போய் மீட்டுவந்து ஏணையாக நெய்ததையும் சொன்னாள். கதிர்வேல் கதவருகே நின்றான்.

அனுப்பிரியா பிள்ளையின் விரலைப் பிரித்துப் பிரித்து மூடினாள். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை. பிறகு சிதம்பரத்தில் நடந்ததை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பூக்காரி எழுந்து நின்றதையும் பஸ்ஸில் கண்டக்டர் நுனி பிடித்ததையும் கேட்கும்போது அவள் உதடு கொஞ்சம் அசைந்தது.

"அக்கா, அந்தப் பூக்கார அம்மாவக் கூப்புடுங்க. ஏண கட்டற அன்னிக்கு வரணும். எங்கம்மா புடவய எரியாமப் பாத்தது நீங்க. அழுக்கானாலும் மேல ஒக்காந்து காவ காத்தது அவுங்க."

பிறகு கதவுப் பக்கம் பார்த்தாள். "அடுத்த போகிக்கு இவரத்தான் மூட்ட கட்டி வாசல்ல வெக்கணும். நீங்க கேட்டாலும் குடுக்க மாட்டேன், எரிச்சிருவேன்."

கதிர்வேல் அன்றுதான் பல நாளைக்குப் பிறகு சிரித்தான். சிரித்தபடியே அழுதான்.

பெயர் வைக்கும் நாளன்று பட்டம்மாள் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். கூடை நிறையப் பூ. ஷாசியா புதிதாக நெய்து வைத்திருந்த மஞ்சள் விரிப்பில் உட்காரச் சொன்னதற்கு, முதலில் இது யார் புடவை என்று சொல், அப்புறம் உட்காருகிறேன் என்றாள். கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

உத்தரத்தின் கொக்கியில் கதிர்வேல் கயிறு மாட்டி, வெள்ளை நுனிகளை இறுக்கி முடிச்சுப் போட்டான். மஞ்சள் துணி நடுவில் தொங்கியது. பிள்ளையை விடுவதற்கு முன் வழக்கப்படி அம்மிக் குழவியைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, ஏணையில் படுக்க வைத்தார்கள். கல்லின் பாரம் இறங்கியதும் கயிறு கிரீச்சென்றது. ஷாசியா முடிச்சையே பார்த்தாள். வெள்ளை நூல் ஒருமுறை இழுபட்டு, இறுகி, நின்றது. ஒரு இழைகூட விலகவில்லை. கொளஞ்சி ஏணையை இரண்டு தடவை ஆட்டிவிட்டு, கல்லு தூங்கிடுச்சு, எடுத்துருங்க என்றாள்.

பிள்ளையை முதலில் ஏணையில் விடவேண்டியது தாயைப் பெற்றவள். அனுப்பிரியா பிள்ளையைத் தூக்கி ஷாசியாவிடம் நீட்டினாள்.

ஷாசியா கை நீட்டவில்லை. வயதில் பெரியவர் பட்டம்மா இருக்கிறார், அவர் விடட்டும் என்றாள். பட்டம்மாள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, நெய்தவள் கைதான் விடவேண்டும், நான் வெறுமனே உட்கார்ந்தவள் என்றாள். நீங்கள் கொடுக்காவிட்டால் நான் எதை நெய்திருப்பேன் என்றாள் ஷாசியா. நீ எரியவிட்டிருந்தால் நான் எதைக் கொடுத்திருப்பேன் என்றாள் பட்டம்மாள். நடுவில் பிள்ளை முகம் சிவந்து, காலை உதைத்து, வீடே அதிர அழ ஆரம்பித்தது.

"நீங்க பேசி முடிக்கிறதுக்குள்ள இது பள்ளிக்கூடம் போயிரும்" என்று சொல்லிக்கொண்டே கொளஞ்சி வந்து, ஷாசியாவின் வலது கையையும் பட்டம்மாளின் வலது கையையும் பிடித்து இழுத்துப் பிள்ளையின் அடியில் வைத்தாள். இரண்டு கையும் சேர்ந்து இறங்கின. ஒருத்தி பிஸ்மில்லா என்றாள். ஒருத்தி தாயே காளி என்றாள். இரண்டும் மேலே ஒரே இடத்துக்குத்தான் போயிருக்கும்.

பிள்ளையின் அழுகை உடனே நிற்கவில்லை. கதிர்வேல் பதறிப்போய், பட்டை உறுத்துகிறதோ என்று உள்ளே எட்டிப் பார்த்தான். தள்ளுங்க என்று அனுப்பிரியா அவனை விலக்கிவிட்டு, துணியின் ஓரத்தைக் கன்னத்தில் ஒருமுறை வைத்துக்கொண்டு, ஏணையை இழுத்து ஆட்டிவிட்டாள்.